மைல் கணக்கில் ஒரு மாமா

1

ரிஸ்வானாவுக்கும் அனஸுக்கும் அத்தா எழுதுவது.

போனில் சொன்னால் பாதியில் கட் ஆகிவிடும். கட் ஆகாவிட்டால் அனஸ் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து, முன்னே பின்னேதான் இருக்கும். ரிஸ்வானா, தப்பைத் திருத்திக்கொண்டே படி. தம்பிக்கும் படித்துக் காட்டு.

இந்த மே மாதம் உங்கள் இரண்டு பேரையும் அம்மாவையும் துபாய்க்குக் கூட்டி வருவேன் என்று சொல்லியிருந்தேன். இதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படிச் சொல்லி, இரண்டு தடவையும் நடக்கவில்லை. போன தடவை அனஸ் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறான். அதை உங்கள் அம்மா ஒரு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். மூன்றாவது தடவையும் வாக்குத் தவறக்கூடாது என்று நான் பட்ட பாட்டையும், அதில் நான் போட்ட ஒரு கையெழுத்தையும் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மே மாதத்தை விட்டால் வேறு மாதம் கிடையாது. நான் இருப்பது ஆறு கட்டில் போட்ட அறை. அங்கே உங்களை எங்கே படுக்க வைப்பது? எங்கள் முதலாளியின் தம்பி குடும்பத்தோடு ஊருக்குப் போகிற பத்து நாளைக்கு அவர் பிளாட் சாவியைத் தருகிறேன் என்றார். ஜூன் மாதம் ரிஸ்வானா காலேஜுக்குப் போய்விடுவாள். அப்புறம் அக்கா லீவு ஒரு பக்கம், தம்பி லீவு ஒரு பக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. போன முறை உத்தமபாளையம் வந்திருந்தபோது ரிஸ்வானா எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லாத கேள்விதான். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம்தானே அப்படிக் கேட்போம். அம்மாவிடம் நீ அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பதினான்கு வருடம் நான் வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போனதில், என் டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று உனக்குத் தெரியவில்லை. உன் மேல் தப்பில்லை. பத்து நாள் நீங்கள் என்னோடு இருந்தால், நான் காலையில் எழுந்து வேனை எடுப்பதையும், வெயிலில் தக்காளிப் பெட்டி இறக்குவதையும், எல்லாம் முடிந்து எப்படி டீ குடிக்கிறேன் என்பதையும் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை.

2

மூன்று பேருக்குப் போக வர டிக்கெட் என்றால் என் சம்பளத்துக்குக் கட்டாது. அதனால்தான் மைல் சேர்க்க ஆரம்பித்தேன்.

மைல் என்பது விமானக் கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற புள்ளி. பறக்கிற தூரத்துக்குத் தகுந்த மாதிரி உங்கள் பேரில் ஏறும். நிறையச் சேர்ந்தால் அதைக் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். முதல் எட்டு வருடம் நான் இது தெரியாமலே பறந்துகொண்டிருந்தேன். ஒரு தடவை மதுரையிலிருந்து திரும்பும்போது பக்கத்துச் சீட்டில் இருந்த பெரியவர், "உங்க மெம்பர் நம்பர் எழுதலையா?" என்று கேட்டார். "எந்த மெம்பர்?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பையில் இருந்த பணத்தை ஒருத்தன் ரோட்டில் சிந்திக்கொண்டே போவதைப் பார்க்கிற பார்வை.

அன்றைக்கே சேர்ந்தேன். சேர்ந்ததற்கே கொஞ்சம் மைல் கொடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, பறக்காமலும் மைல் சேரும் என்று. போனுக்கு அவர்கள் சொல்லும் இடத்தில் ரீசார்ஜ் செய்தால் மைல். அவர்கள் சொல்லும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் மைல். கூடுதல் லக்கேஜுக்கு முன்கூட்டியே கட்டினால் மைல். கால் நீட்டுகிற சீட்டுக்குத் தனியாகக் கட்டினால் அதற்கும் மைல். நோன்பு மாதத்தில் இரட்டிப்பு, பள்ளி லீவில் ஒன்றரை மடங்கு என்று ஏதாவது ஒரு சலுகை ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் கண் விழித்ததும் முதலில் அந்த ஈமெயிலைத்தான் பார்ப்பேன்.

கேள்விக்குப் பதில் சொன்னாலும் மைல் வரும். ஒரு தடவை வைரம் வைத்த கைக்கடிகாரத்தைப் பற்றி முப்பது கேள்வி. "எந்தக் கடிகாரம் உங்கள் ஆளுமைக்குப் பொருத்தம்?" தக்காளி வேனில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். இன்னொரு தடவை, ஒரு பத்திரிகையை ஒரு மாதம் இலவசமாக எடுத்தால் ஆயிரம் மைல் என்றார்கள். எடுத்தேன். மாதம் முடிவதற்குள் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அதனால் கோல்ஃப் விளையாட்டைப் பற்றிய இங்கிலீஷ் பத்திரிகை மூன்று மாதம் என் பேருக்கு வந்தது. நல்ல வழுவழுப்பான தாள். அறையில் சின்னச்சாமி மாமா அதைத்தான் சோற்றுக்குக் கீழே விரிப்பார்.

"மாப்ளே, இந்த மாசப் புக்கு இன்னும் வரலையா? கொழம்பு சிந்துனா ஒட்டவே மாட்டேங்குதுல்ல!"

அறையே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஆயிரம் மைல் கணக்கில் ஏறியிருந்தது.

3

சின்னச்சாமி மாமாவை உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் நமக்கு யார் என்று நான் உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை.

அவருக்கு ஊர் ஓடைப்பட்டி. மூன்று ஏக்கர் திராட்சை. என் அத்தா அந்தத் தோட்டத்தைக் கொடியில் காய் இருக்கும்போதே விலை பேசி, அறுப்பு அறுத்து, தேனி மார்க்கெட்டுக்கு ஏற்றுவார். பதினைந்து வருடம் வேறு வியாபாரிக்கு அந்தத் தோட்டம் போகவில்லை. அத்தா அவரை மச்சான் என்று கூப்பிடுவார். அதனால் எனக்கு அவர் மாமா. என் நிக்காவின்போது என் அம்மா கூடப் பிறந்த மாமா மவுத்தாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமன் சீர் யார் கொண்டுவருவது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, ஓடைப்பட்டியிலிருந்து ஜீப்பில் ஏழு தட்டோடு வந்து இறங்கினார் சின்னச்சாமி மாமா. பழம், பாக்கு, எனக்கு வேட்டி சட்டை, உங்கள் அம்மாவுக்குச் சேலை. எங்கள் பெரியவர்கள் யாரும் இவர் யார் என்று கேட்கவில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

தோட்டத்துக் கிணறு வற்றின வருடம், புதுசாகப் போர் போட வாங்கின கடனை அடைக்க அவரும் இங்கே வந்துவிட்டார். ஒரு கட்டிடத்துக்கு வாட்ச்மேன். என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில். இந்தப் பக்கத்துக் கட்டில் குமுளிக்காரப் பையன் பிஜு. அவன் என்னை இக்கா என்பான், அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தம். நான் அவனைத் தம்பி என்பேன்.

விமானக் கம்பெனியில் குடும்பக் கணக்கு என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். யார் பறந்தாலும் யார் பேரில் லக்கேஜ் கட்டினாலும் மைல் எல்லாம் ஒரே கணக்கில் வந்து விழும். அம்மாவையும் உங்கள் இரண்டு பேரையும் சேர்த்தேன். நீங்கள் மூன்று பேரும் பறக்கிற ஆட்களா? ஒரு மைலும் வராது. அன்றைக்கு மாமாதான் சொன்னார்.

"ஏன் மாப்ளே, என்னையவும் சேத்துக்கயேன். நான் வருசம் ரெண்டு வாட்டி போயிட்டு வாரேன். அந்த மைல வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எம் பிள்ளைகளுக்கு வெளியூரு போகவே பிடிக்காது. உம் பிள்ளைகளாச்சும் வரட்டும்."

பிஜுவும், "என்னையும் போடு இக்கா" என்றான்.

பாரத்தில் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம். அழுத்தினால் ஒரு பட்டியல் விழும். மாமாவுக்கு மாமா என்று போட்டேன். பிஜுவுக்குச் சகோதரன். எனக்கு அதில் ஒரு யோசனையும் வரவில்லை, உங்கள் அம்மா பேருக்குப் பக்கத்தில் மனைவி என்று போட எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம்தான் ஆனது.

அதற்குப் பிறகு நான்கு வருடம். மாமா போகும்போதெல்லாம் கால் நீட்டுகிற சீட்டும் கூடுதல் பத்துக் கிலோவும் என் போனிலிருந்துதான் கட்டுவோம். பிஜு கல்யாணத்துக்குப் போனபோது முப்பது கிலோ. பிப்ரவரியில் ஒரு நாள் போனைத் திறந்தால், மூன்று டிக்கெட்டுக்கான மைல் சேர்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் பண்ணி, மே மாதம் என்று சொன்னேன். அனஸ் கத்தின சத்தம் எதிர்க்கட்டில் வரை கேட்டது.

4

டிக்கெட் போட அழுத்தினால், கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. மறுநாள் ஈமெயில். உங்கள் குடும்பக் கணக்கில் உள்ள இரண்டு பேர் உங்கள் உறவினர்கள்தான் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பதினான்கு நாள் தவணை.

அரை நாள் லீவு போட்டு அவர்கள் ஆபீஸுக்குப் போனேன். என் டோக்கனுக்கு உட்கார்ந்திருந்தது நம் தமிழ்ப் பெண்தான். கவிதா என்று சட்டையில் எழுதியிருந்தது. கும்பகோணம் பக்கமாம். எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

"சின்னச்சாமிங்கறவர் உங்களுக்கு மாமாவா சார்?"

"ஆமாம்மா."

"அம்மா கூடப் பிறந்தவரா?"

"இல்ல."

"அப்பாவோட தங்கச்சிய கட்டினவரா?"

"இல்லம்மா."

"உங்க மாமனாரா?"

"அவுக வேற. அவுக உத்தமபாளையம்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்புறம் எப்படி சார் மாமா?"

"மாமான்னுதான் கூப்பிடுவேன். என் கல்யாணத்துக்கு மாமன் சீர் அவுகதான் கொண்டாந்தாக."

அவள் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளை நான் மதிக்கிறேன். "எங்க ஊர்லயும் அப்படித்தான் சார். எதிர்வீட்டு அமீனா அம்மாவை நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். ஆனா இங்க பிறப்புச் சான்றிதழோ ரேஷன் கார்டோ கேப்பாங்களே சார். நான் என்ன பண்றது?"

பிறகு குரலைத் தாழ்த்தி வழியையும் சொன்னாள். ஆதாரம் இல்லையென்றால் மொத்தக் கணக்கையும் மூடிவிடுவார்கள். ஆனால் நானே ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த இரண்டு பேரையும் அவர்கள் வழியாக வந்த மைலையும் மட்டும் எடுத்துவிட்டு, மீதியை விட்டுவிடுவார்கள். பாரம் அச்சடித்தே இருந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவளே தமிழில் சொன்னாள். "மேற்படி நபர்களைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டேன். அவர்களுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை."

"எந்த உறவும்கிறத மட்டும் அடிச்சிரலாமாம்மா?"

"அடிச்சா செல்லாது சார்."

பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

5

ஒன்பது நாள் அந்தப் பாரம் பையிலேயே இருந்தது. பிஜு ஒரு யோசனை சொன்னான். டைப்பிங் செண்டரில் அவனுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறானாம், என் அம்மாவுக்கும் சின்னச்சாமி மாமாவுக்கும் ஒரே அப்பா என்று பத்திரம் தயார் பண்ணிவிடுவானாம். வேண்டாம் என்றேன். அவரை மாமா என்று எழுதியபோது நான் பொய் சொல்லவில்லை. அதை நிரூபிக்கப் போய் எங்கே பொய்யில் மாட்டுவது? ஊரில் தாலுகா ஆபீஸில் ஏதாவது வாங்க முடியுமா என்று உங்கள் அம்மாவைப் போய்க் கேட்கச் சொன்னேன். அவள் போய்விட்டு வந்து போனில் சொன்னாள்.

"வாரிசுச் சர்ட்டிபிகேட்டான்னு கேட்டாக. இல்லைங்க, மாமாவ மாமான்னு எழுதித் தரணும்னேன். எதுக்கும்மா வெயில்ல வந்தீக, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டாக."

பத்தாம் நாள் மாமாவே என் பையிலிருந்து பாரத்தை எடுத்துக் கட்டிலில் போட்டார்.

"என்ன மாப்ளே இது, தாலிய அறுக்குற மாதிரி யோசிக்கிற? கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வா. பிள்ளைக கெளம்பித் துணிமணி எடுத்து வச்சிருக்கும்."

"மனசு வரல மாமா."

"எனக்குக் கூடத்தான் கெணறு வத்துன அன்னைக்கு ஊர விட்டு வர மனசு வரல. வந்தேன்ல? போடு."

மறுநாள் போய்ப் போட்டுக் கொடுத்தேன். கவிதா முத்திரை குத்தினாள். நான் வாழ்க்கையில் எத்தனையோ பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பாதிக்கு மேல் எனக்குப் புரியாத பாரம்தான். இது ஒன்றுதான் முழுதும் புரிந்து போட்டது.

சாயங்காலம் அறைக்குள் நுழைந்தேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய். போன காரியம் முடிஞ்சுதா?"

பாய். மளிகைக் கடையில் முன்பின் தெரியாத முஸ்லிமை ஆட்கள் கூப்பிடுவது போல. பிஜு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். விளையாட்டுத்தான். மறுநாள் காலையில் "பாய், பக்கெட்டக் குடுங்க" என்றார். மூன்றாம் நாள், "பாய் சாப்பிட்டாச்சா?" நான்காம் நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் வாயிலிருந்து பாய் என்றுதான் வந்தது. ஆரம்பித்துவிட்டார், எப்படி நிறுத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை. நான் மட்டும் மாமா என்றே கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் ஏதோ இரவல் பொருளை எடுத்துப் புழங்குகிற மாதிரி இருந்தது.

6

எடுத்தது போக மீதி மைல், சரியாக இரண்டு டிக்கெட்டுக்கு இருக்கிறது. மூன்றாவதுக்கு இல்லை.

உங்கள் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பிள்ளைக போயிட்டு வரட்டும்ங்க. நான் எங்கன ஓடிப் போகப் போறேன்?" என்றாள். நீங்கள் பெரியவர்கள் ஆனபிறகு இந்த இடத்தைத் திரும்பப் படியுங்கள். நீங்கள் உட்காரப் போகிற சீட்டில் ஒன்று அவளுடையது.

ஆனால் அனஸுக்குப் பதினொரு வயது, ரிஸ்வானாவுக்குப் பதினேழு. பெரியவர் துணை இல்லாமல் ஏற்றமாட்டார்கள். திரும்பும்போது என் வருட லீவு, நானே கூட வந்துவிடுவேன்; இங்கே வருகிற வழிக்குத்தான் ஆள் வேண்டும். மாமா ஏப்ரலில் தோட்டத்தில் கொடி வெட்டிவிடுகிற கவாத்துக்கு ஊருக்குப் போகிறார். மே இரண்டாம் வாரம் திரும்புகிறார். மதுரையிலிருந்து இதே விமானம். இது எனக்கு முதல் நாளே தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை. ஒரு உறவும் இல்லை என்று எழுதிக் கொடுத்த கையோடு, என் பிள்ளைகளைக் கூட்டி வாங்க என்று அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து கேட்டேன். பிஜுவும் இருந்தான்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு பிள்ளைகள?"

"என் பிள்ளைகள."

"நான் யாரு கூட்டியாறதுக்கு? பேப்பர்ல நான் ஒனக்கு யாரு?"

தலையைக் குனிந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் கட்டிலை விட்டு எழுந்து வந்து, என் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

"ஏலே, நான் சும்மா கேட்டேன். அதுக்குப் போயி கண்ணக் கசக்குற? நீ கேக்கலைன்னாலும் நானே உத்தமபாளையம் போயிப் பிள்ளைகளக் கூப்பிட்டுத்தான் வந்திருப்பேன். தேதியச் சொல்லு."

டிக்கெட் போட மறுபடியும் கவிதாவிடம்தான் போனேன். பெற்றோர் இல்லாமல் பிள்ளைகள் பறப்பதற்குத் தனியாக ஒரு பாரம் இருக்கிறது. கூட வருகிறவர் பேர், வயது, பாஸ்போர்ட் எண். அதற்குக் கீழே, பிள்ளைகளுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம்.

நானும் அவளும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னச்சாமி, ஓடைப்பட்டி, எந்த உறவும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாள் அவள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

"குடும்ப நண்பர்னு போடுங்க சார்," என்றாள். "அது போதும். விட்டுடுவாங்க."

போட்டேன். டிக்கெட் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். அனஸ், இந்தத் தடவை வகுப்பில் தாராளமாகச் சொல்லு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மதுரை ஏர்போர்ட்டில் யாராவது அவரைக் காட்டி இவர் யார் என்று கேட்டால், பாரத்தில் உள்ளதையே சொல்லுங்கள். குடும்ப நண்பர். கூடுதலாக ஒரு வார்த்தை வேண்டாம். பொய் சொல்கிறோமே என்று நினைக்காதீர்கள், அது என் கையெழுத்து, உங்களுடையது இல்லை. சீட்டு மூன்றும் ஒரே வரிசையில் கேட்டு வாங்கியிருக்கிறேன். நடுவில் அவர், இடது பக்கம் ரிஸ்வானா, ஜன்னல் பக்கம் அனஸ்.

விமானம் தரையை விட்டு எழும்பினதும், ரிஸ்வானா, நீ அவரைத் தாத்தா என்று கூப்பிடு. இடது காது அவருக்குக் கொஞ்சம் மந்தம். முன்சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, சத்தமாகவே கூப்பிடு.